ஓட்டலைப் பற்றி இரண்டு நிமிடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். உன் வலது கை விரல்கள் சற்று மடங்கி நிமிர்கின்றன என்று பாப்பா சொன்னாள். கேட்டதிலிருந்து மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவள்தான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் எதையும் வேகமாக வாசிப்பவள். நீ குழம்பக் கூடாது என்பதால் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தேர்வு முடிவு.
2. தேர்வு அறையில் நடந்தது.
3. உன்னை நான் ஒரு ஓட்டலுக்கும் அழைத்துப் போகாத காரணம்.
4. நான் வந்து சேராவிட்டாலும் அங்கே உனக்கு ஒரு குறையும் இருக்காது என்பது.

முதலாவது. இந்த முறையும் தேறவில்லை. ஆங்கிலம் எழுதுவதில் எட்டு வந்திருக்கிறது. பேசுவதில் ஐந்து வேண்டும், நான்குதான். சென்ற முறையும் நான்குதான், ஆகவே இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேத்தி பிறப்புக்கு உதவியாக நீ போனபோது மூன்று மாதத்தில் திரும்பிவிடுவாய் என்று காலண்டரில் குறித்து வைத்தேன். நீ அங்கே பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு போய், விமானத்தில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லி, இப்போது பதினோரு மாதம் ஆகிறது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று விசாவுக்கு விண்ணப்பித்ததையும் மறுத்துவிட்டார்கள். உன்னோடு தங்க அனுமதி வேண்டுமானால் இந்தத் தேர்வு ஒன்றுதான் வழி என்கிறார் மாப்பிள்ளை. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

இரண்டாவது. பயிற்சி வகுப்பில் பாடம் சொல்லித்தரும் டீச்சருக்கு நம் பாப்பாவைவிட வயது குறைவு. கெட்டிக்காரி. ஓட்டல் என்று கேள்வி வந்தால் சாப்பாடு, இடம், கவனிப்பு மூன்றையும் சொல்லிவிடுங்கள் சார், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அவங்க என்ன உங்க ஓட்டலைத் தேடிக்கிட்டா வரப்போறாங்க என்றாள். பக்கத்து நாற்காலி நர்ஸ் பெண், சாருக்குப் பொய் சொல்றதுக்கே தனி கோச்சிங் வேணும் மேடம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஏரிக்கரையில் ஒரு ஓட்டலை உண்டாக்கினேன். மஞ்சள் விளக்கு, வெள்ளை மேஜை விரிப்பு, புன்னகையோடு பரிமாறுபவர். பன்னிரண்டு வாக்கியம். சுவரைப் பார்த்து நாற்பது முறையாவது சொல்லியிருப்பேன்.

தேர்வு அன்று அதே கேள்வி வந்தது. சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, எதிரே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நீங்கள் விரும்பிப் போகும் ஓட்டலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவும் என்று அட்டையில் இருந்தது. எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுவீர்கள், யாருடன் போவீர்கள், ஏன் பிடிக்கும். யாருடன் என்பதற்கு நான் நண்பர்களுடன் என்று தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் மனைவியுடன் என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏரியும் இல்லை, விளக்கும் இல்லை.

பிறகு பேச்சு வந்தது, அதுதான் வினை. முப்பத்தொரு வருடம் நகராட்சி சுகாதார ஆய்வாளனாக எழுதிய ஆங்கிலம் தானாக வந்தது. சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்கு வலை இல்லை என்றேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, மாவு மூட்டைகள் தரையில் கிடக்கின்றன, எலி நடமாட்டம் உண்டு, ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும் என்றேன். தடங்கலே இல்லை. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அங்கே உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டார். நான் அங்கே சாப்பிட்டதே இல்லை என்றேன். அப்படியானால் ஏன் பிடிக்கும் என்றார். தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

மூன்றாவது. சோதனை போடுகிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஊரில் நான் சோதனை போடாத ஓட்டல் இல்லை. பாப்பா பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்த அன்று நீ கேட்டாய் என்று ஒருமுறை புறப்பட்டோம். நீ பச்சைப் புடவை கட்டியிருந்தாய். பஸ் நிலைய ஓட்டல் வாசலில் என்னைப் பார்த்ததுமே முதலாளி ஓடிவந்தார். பாதிச் சாப்பாட்டில் இருந்த ஒரு குடும்பத்தை எழுப்பி மேஜையைத் துடைக்கச் சொன்னார். நான் தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன். நீ வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாய். இன்னொரு ஊருக்கு பஸ் ஏறிப் போயிருக்கலாம். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? இந்த யோசனை எனக்குத் தேர்வு அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

நான்காவது. பாப்பா பக்கத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர், உன்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கிறாராம். பேத்தி உன் மடியில் தூங்குகிறதாம். வைத்தியம் நல்ல வைத்தியம். நான் வந்தால் அந்த வீட்டில் இன்னொரு கிழட்டு உடம்பு, அவ்வளவுதான். ஆகவே என்னை நினைத்துக் கவலைப்படாதே, நான் வராமலே போனாலும் பெரிதில்லை என்று எழுதி முடிப்பதாக இருந்தேன்.

இதற்கு நடுவில் பாப்பா போன் செய்தாள். அம்மா மத்தியானம் மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்கப்பா, ஸ்பூனைத் தள்ளிவிடுறாங்க, சுவர்க் கடிகாரத்தைக் காட்டுறாங்க, வாசலைப் பார்க்கிறாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியலை என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒரு மணிக்கு என்றாள். நான் வேலை பார்த்த காலத்தில் அவள் பள்ளியில் இருக்கும் நேரம் அது, அவளுக்குத் தெரிய நியாயமில்லை. ஊரெல்லாம் ஓட்டல் இருந்தும் வெளியில் ஒரு வாய் சாப்பிடாமல் ஒரு மணிக்கு நான் சைக்கிளில் வீட்டுக்கு வருவேன். நீ எனக்கு முன் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அவளிடம், சரிம்மா, கடிதத்தில் எழுதுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பாப்பா, இதை வாசித்தபின் அம்மாவுக்கு ஊட்டு. அப்பா இங்கே சாப்பிட்டுவிட்டார் என்று சொல். தினமும் சொல்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மறுபடியும் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். பேச வருமா என்று தெரியாது. எனக்காகக் காத்திரு, சாப்பிடாமல் மட்டும் காத்திருக்காதே. நான்காவதாக நான் எழுதியது தவறு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா