கொஞ்சம் தேறட்டும்

அப்பா,

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் போட்ட தற்காலிக பஸ் நிலையத்தில் மைக் அலறிக்கொண்டிருந்தது: "சென்னை செல்லும் பேருந்துகள் சற்று நேரத்தில் புறப்படும்." எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? எதுவும் இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் மூன்று வரிசைக்கும் மாறி மாறி ஓடினாள்.

நீ டைம் கீப்பராக இருந்தவரை பௌர்ணமி மைக் உன்னுடையது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, ஐந்து இருபதுக்கு, திண்டிவனம் வழி. அவ்வளவுதான் உன் பேச்சு. யாராவது சீக்கிரம் என்றால், "சீக்கிரம்னா எத்தினி மணி?" என்பாய். அந்தக் கேள்வியை நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பட்டா மனுவுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிக் கொடுத்தவரிடம், யார் செய்வார், எந்தத் தேதியில் என்று சண்டை போட்டேன். இல்லாதவனை அலையவிடவே இப்படி எழுதுகிறீர்கள் என்று கத்தினேன். கேட்டுவிட்டு நீ அன்று முழுக்கச் சிரித்தாய்.

நம் வீட்டிலும் அப்படி ஒரு மொழி இருந்தது. அத்தை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதையும், நீ அவரை அடித்துத் துரத்தியதையும், பன்னிரண்டு வருஷமாக 'அந்த விஷயம்' என்றே சொல்லிவந்தோம்.

ஆஸ்பத்திரியில்தான் நீ அதை உடைத்தாய். டாக்டர் என்னை வெளியே அழைத்து, ஒரு வாரம் தாண்டாது என்று சொல்லியிருந்தார். நான் உள்ளே வந்ததும் நீ கேட்டாய்.

"எத்தினி நாளுனு சொன்னாரு? நேரா சொல்லு. கம்மின்னா தங்கச்சி வூட்டுக்குப் போவணும். அவளைக் கூப்பிடாத, நான்தான் போவணும். சாதிக்காக உன்னை அடிச்சேன், தப்புதான்னு சொல்லணும்."

"கொஞ்சம் தேறட்டும்ப்பா. போலாம்."

"தேறட்டும்னா எப்ப?"

நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். என் மகன் மழுப்ப மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நீ. நம்பினாய். "சரி, தேறட்டும்" என்றாய். நான்காம் நாள் போய்விட்டாய்.

சாவுக்கு அத்தை வந்தார். உன் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"என்னைப் பத்தி எதுனா சொன்னாராப்பா?"

நீ சொன்னது முழுதும் வாய்வரை வந்தது. சொன்னால், ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்பார்.

"அடிக்கடி நெனைச்சிக்குவாரு அத்தே" என்றேன்.

அத்தை இருக்கும் கீழ்பென்னாத்தூருக்கு முக்கால் மணி நேரம்தான். இரண்டு முறை பஸ் ஏறி, பாதியில் இறங்கிவிட்டேன். தப்பு என்று நீ சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அது இன்னும் என்னிடமே இருக்கிறது, அப்பா.