சோயாச் செடியில் சிவப்புக் கயிறு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று அனல்மின் நிலையப் பக்கமிருந்து. கொடியில் காய்ந்த பனியனெல்லாம் சாம்பல். மகள் கயல் பரீட்சைக்குக் கோவை போயிருக்கிறாள். எம்.எஸ்ஸி. விவசாயம். குவார்ட்டர்ஸ் பின்னால் அவள் ஆராய்ச்சிக்கு வளர்க்கும் சோயாவுக்கு நான் காவல். பத்தாம் வகுப்பில் தாவரவியல் கேள்வியை சாய்ஸில் விட்டவன்!

செடி எல்லாம் பெரிய விதை ரகம். சில பூக்களில் சின்ன விதை ரகத்தின் மகரந்தம் தடவிச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறாள். தானாகக் காய்த்ததற்கு வெள்ளை. அப்பன் சின்னவன் என்றால் விதையின் எடை குறையுமா, இல்லை தாய் சொன்னதுதானா? பிஞ்சிலேயே நிறுத்துப் பார்ப்பாளாம். (என் உயரத்தைப் பார்த்துத்தான் தலைப்பு தோன்றியிருக்கும்.)

இலையெல்லாம் சாம்பல். முருங்கைக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரியே டியூபைப் பிடித்துக் கழுவிவிட்டேன். பளபள.

ஆகஸ்ட் 13, புதன்

ஐயோ. சிவப்புச் சாயம் கரைந்து, வெள்ளையும் சேர்ந்து எல்லாக் கயிறும் ரோஸ். சிவப்புக் கயிறு கோயில் வாசலில் நான் வாங்கிக் கொடுத்தது.

மனைவி செல்வி: "என்னாங்க, செடியோட ஹோலி வெளாடிகினு இருந்தீங்களா? பொண்ணு வந்தா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுறேன்."

காயைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. மாலை ஷிப்ட். பெல்ட்டில் நிலக்கரி ஓடியது, எனக்குக் கை ஓடவில்லை. அவள் படிப்பே இதில். புதுக் கயிறு வாங்கி உத்தேசமாகக் கட்டிவிடலாமா? கடைவரை போய்த் திரும்பினேன்.

ஆகஸ்ட் 16, சனி

கயல் பையை இறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். செடி முன்னால் அப்படியே உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பெருசா இருக்கிறத வெள்ளைன்னு வெச்சிக்கலாமேம்மா?"

"அப்பா! பெருசா சிறுசான்றதுதானே என் கேள்வியே."

பிஞ்சில் நிறுப்பது போயிற்று. இனி முற்றவிட்டு, ஒவ்வொரு விதையாக நிறுத்து, விதைக்க வேண்டும். இந்தச் செடிக்கு வெள்ளைப் பூ, முளைத்தண்டு பச்சை. மகரந்தம் தந்த ரகம் ஊதா. கலந்த விதை ஊதாத் தண்டோடு முளைக்குமாம்.

"ஊதாவே வரலைன்னா?"

"கலப்பே ஒட்டலைன்னு அர்த்தம். அடுத்த வருஷம்தாம்பா."

எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

முதல் ஷிப்ட். முற்றிய விதையோடு கோவை போன கயலிடமிருந்து போட்டோ வந்தது. திறக்கவில்லை. கூட வேலை பார்க்கும் பாண்டி, "யாருக்குண்ணே ஒடம்பு சரியில்ல?" என்றான்.

"சோயாவுக்கு."

ஒரு மாதிரி பார்த்தான்.

கேண்டீனில் திறந்தேன். தட்டு நிறைய முளை. பச்சை. அடுத்த வரிசையும் பச்சை. அடுத்ததும். டீ ஆறியது. போனைப் பாண்டியிடம் தள்ளிவிட்டேன். கண்ணருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. இந்த ஓரத்துல மட்டும் ரெண்டு மூணு, தண்டு கத்திரிக்கா கலர்ல நிக்குது. அது நோயாண்ணே?"