இடம் மாறிய வரி

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரரின் தொண்டைக் கரகரப்பை மூன்று மாதமாகச் சளி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சளி இல்லையாம். புற்று. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும், இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன் என்றார் டாக்டர். "உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்மா. பேச்சுதான்..." என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் நின்று குரல் கொடுத்தால் அடியில் இருக்கிறவருக்குக் கேட்கும். அந்தத் தொண்டை. வெளியே வந்ததும், "படியிலயே இறங்கிடலாம். இந்த லிஃப்ட் சத்தம் சரியில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஓட்டல் சலவைக்கூடத்தில் இன்று ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. வேலை முடிந்து பஸ் நிறுத்தம் வரை வந்தவள், இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடினேன். இந்த ஓட்டம் தினமும் உள்ளதுதான். இதனால்தான் இவர் எனக்குக் 'கவலை மேனேஜர்' என்று பெயர் வைத்தார். பெட்டி அணைந்துதான் இருந்தது. எப்போதும் அணைந்துதான் இருக்கும். அவர் தொண்டை விஷயத்தில் மட்டும் நான் பயந்தது பலித்துவிட்டதே!

மார்ச் 9, ஞாயிறு

சபையில் ஒரு அக்கா உண்டு. பாட்டு தொடங்குவதற்கு முன்பே கைதட்டத் தொடங்கிவிடுவார். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் கைதட்டல் அக்கா. இன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படறது அவிசுவாசம் சிஸ்டர். சந்தோஷமா இருக்கணும்னு முடிவு பண்ணிடுங்க, அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானாம்! முடிவு பண்ணினதும் வாசலில் வந்து நிற்க அது என்ன வாடகை வண்டியா? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆண்டவரே, எனக்கு முடியவில்லை. நீர் இருக்கிறீர் என்று தெரியும். நான் கூப்பிடுவது காதில் விழுகிறதா என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மகள் ஃபோனில் அவர் குரலைப் பதிவு செய்கிறாள்.

"எதையாவது பேசுங்கப்பா."

கொஞ்சம் யோசித்தார். பிறகு கரகரத்த குரலில், "ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. தீப்பிடித்தால் படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று லிஃப்ட் பலகையை ஒப்பித்தார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மார்ச் 15, சனி

ஆராதனையில் வாசிக்கிற சபையின் ஞாயிறு தாளை டைப் அடித்துப் பாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன். இடது பத்தி 'ஜெபிக்க', இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவை; வலது பத்தி 'ஸ்தோத்திரிக்க', கிடைத்துவிட்டதற்கு நன்றி. ஆறு வருஷமாக என் வேலை இது. இந்த வாரம் எங்கள் வரியும் உண்டு. அடிக்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது.

மார்ச் 16, ஞாயிறு

மானம் போயிற்று.

பாஸ்டர் வலது பத்தியை வாசித்தார். தம்பதிக்குக் குழந்தை பிறந்ததற்காக. தம்பிக்கு வேலை கிடைத்ததற்காக. "நம் சகோதரரின் தொண்டை அறுவை சிகிச்சைக்காக."

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்!" என்றது. கைதட்டல் அக்கா தட்டிய தட்டில் ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் வரியை வலது பக்கம் அடித்து வைத்திருக்கிறேன்! 'க்காக' என்று முடிந்தால் எந்தப் பத்தியிலும் ஒட்டிக்கொள்கிறது, வாசிக்கிறவருக்கும் உறைக்காது. வெளியே வந்தால் ஆளாளுக்குக் கைகுலுக்கல். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமே!"

நான் செத்துப்போய் நிற்கிறேன், இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "என் தொண்டைக்கு இதுவரைக்கும் யாரும் கைதட்டினதில்ல" என்றார்.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே பாஸ்டருக்கு ஃபோன் செய்யப் போனேன். இவர் தடுத்தார்.

"அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும்."

"விளையாட்டா உங்களுக்கு? வலிக்குதா? மாத்திரை போட்டீங்களா? ஒருவேளை டாக்டர் சொன்ன மாதிரி இல்லாம..."

"ஏம்மா, இன்னும் எட்டு நாள்தான் எனக்குப் பேச்சு. அதை உன் கவலைக்குப் பதில் சொல்லியே தீர்த்துடணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கணக்குப் பார்த்தேன். இந்த இரண்டு வாரமும் அவர் என்னிடம் பேசியதெல்லாம் 'இல்ல', 'போட்டேன்', 'ஒண்ணும் ஆகாது'. இருக்கிற கொஞ்சக் குரலையும் நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பயந்து ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். மதியத்துக்குள் மூன்று தடவை தோற்றேன். சாயங்காலம் மட்டும், "நீங்க முதல்ல ரிப்பேர் பண்ணின லிஃப்ட் எது?" என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். இருபது வருஷமாக எனக்குத் தெரியாத கதை.

பயம் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அதுவும் கதை கேட்டது.

மார்ச் 23, ஞாயிறு

ஆபரேஷன் இனிமேல்தான், வரிதான் இடம் மாறிவிட்டது என்று பாஸ்டரிடம் இவரே சொல்லிச் சிரித்தார். சபையில் பாடினார். சுருதி எங்கோ, அவர் எங்கோ. நிறுத்தவேயில்லை. நானும் பாடினேன், அழுகையோடுதான்.

மார்ச் 25, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை அவர் கட்டிலோடு கூடவே நடந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குனிந்தேன்.

"அயர்ன் பாக்ஸை அணைச்சியா?"

என் குரலிலேயே, என் முகச்சுளிப்போடு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நர்ஸ் திரும்பி முறைத்தார். கதவு மூடிக்கொண்டது.

ஆறு மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐயோ, அவரைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஆண்டவரே. பேச்சு இல்லாமலாவது கொடும். என்ன கேட்பது என்றே தெரியவில்லை எனக்கு.

மார்ச் 26, புதன்

கண் திறந்தார். என் கையை அழுத்தினார்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. பேச்செல்லாம் சிலேட்டில். எடுத்த சதையின் பரிசோதனை முடிவு செவ்வாய்க்கிழமைதான் வரும். முழுதாக எடுத்தாயிற்றா, இன்னும் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஞாயிறு தாளை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் ஃபோனில் வந்தார்.

"சிஸ்டர், 'சகோதரரின் பரிசோதனை முடிவுக்காக'ன்னு ஒரு வரி வலது பத்தியில இருக்கே. முடிவு வந்துடுச்சா? இல்ல, போன தடவை மாதிரி இடம் மாறிடுச்சா?"

"முடிவு வரல பாஸ்டர். இடமும் மாறல. இந்தத் தடவை நானாதான் அங்க போட்டேன்."

அவர், "சரிம்மா, அப்படியே வாசிக்கிறேன்" என்றார்.

ஃபோனை வைத்துத் திரும்பினால், இவர் சிலேட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்: "அயர்ன் பாக்ஸ்?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் வீட்டுப் பெட்டியைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.