கொதிக்கும்வரை கிண்டாதே

லெமெரி, பத்தாங்காஸ்
4 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, இரண்டாம் பக்கத்து ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை. மை என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். சோயா சாஸ்! அடோபோக் கறியில் சோயா சாஸ் ஊற்றும் அளவுக்கு வந்துவிட்டாயா? அம்மா இருந்திருந்தால் அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மணிலா பஸ் ஏறியிருப்பாள்.

கோபித்துக்கொள்ளாதே. உன் மாமியார் வீட்டு வழக்கம் அது. ஆனால் நீ செய்த நம் ஊர் அடோபோவைப் பார்த்து அவர், "இதென்ன, மஞ்சக் காமாலை வந்த பன்னியா?" என்று கேட்டதைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மட்டும் இருமல் வரும்வரை சிரித்தார்.

ஏன் பச்சையாகப் புளித்தது என்று கேட்டிருக்கிறாய். நீ கிண்டியிருப்பாய். உனக்குக் கை எப்போதும் சும்மா இருக்காது. மறுபடி சொல்கிறேன். பன்றிக்கறியோடு நசுக்கிய பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, உப்பு, பச்சை மஞ்சளை இடித்துப் பிழிந்த சாறு. மேலே தென்னங்கள் வினிகர். அதன்பிறகு மூடியும் போடாதே, அகப்பையும் போடாதே. தானாகக் கொதித்து, மூக்கைக் குத்தும் வாடை போகட்டும். அதற்குமேல் தண்ணீர் விட்டு வேக வை. கடைசியில் அதன் கொழுப்பிலேயே வறுத்து எடு.

உன் ரீனாக்குட்டியின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய் என்று நீ எழுதிய வரியை அப்பாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். பள்ளியை விட்டு நின்றதிலிருந்து என் பெயரை யாரும் எதிலும் எழுதியதில்லை. இப்போது கோயில் பதிவேட்டில் எழுதப் போகிறார்கள். புது ஆட்களைக் கண்டால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியுமே. சாமியார் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் தங்கை,
டித்தா


பாசிக்
12 ஆகஸ்ட் 1991

டித்தாக் கண்ணுக்கு,

கிண்டினேன்தான், போ. உன் மூக்குக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது.

விருந்து ஞாயிறு, 25ஆம் தேதி. நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. சனிக்கிழமை சமைத்து வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ருசி ஏறியிருக்கும். வினிகரும் மஞ்சளும் அங்கிருந்தே எடுத்து வா. இங்கே கிடைக்கும் வினிகர் வெறும் புளித்த தண்ணீர். முன்வாசலில் பந்தல் போடுகிறார்கள், பின்பக்கமாக வந்துவிடு. அப்பாவுக்கு அலைச்சல் வேண்டாம், கடலில் மீன் வரும் நேரம்.

ஞானப்பெற்றோர் பட்டியலை அத்தைதான் எழுதுகிறார். உன் அத்தான் ரெனாட்டோவின் மேலாளர் மனைவியைச் சேர்த்தே ஆக வேண்டுமாம். நீ ஒன்றும் கவலைப்படாதே. நல்ல உடுப்பு ஒன்று கொண்டு வா. அடுப்படிக்குப் பழையதும் ஒன்று.

உன் அக்கா,
லொய்டா


லெமெரி
27 ஆகஸ்ட் 1991

அக்கா,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நேரில் எனக்கு வாய் வராது, காகிதத்தில் வரும். பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் வாசி.

சனிக்கிழமை வினிகரை ஊற்றிவிட்டு அடுப்பருகே நின்றிருந்தேன். பானையின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ்தான் வந்திருந்தது. அதுவரை என்னைப் பார்த்திராத உன் மாமியார் வந்தார், ஒரு வார்த்தை கேட்காமல் அகப்பையை எடுத்து உள்ளே விட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"கிண்டாதீங்க! இன்னும் கொதிக்கல!"

என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"யாருடி இவ? என் அடுப்படியில வந்து என் கையையே புடிக்கிறா?"

நீ வாசற்படியில் ரீனாவோடு நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ குழந்தையின் காலுறையைச் சரி செய்தாய்.

"ஊர்லேர்ந்து சமையலுக்கு வந்த பொண்ணு அத்தை. வெவரம் பத்தாது. மனசுல வெச்சுக்காதீங்க."

"வெவரந்தான் பத்தல. கை நல்லாவே நீளுது."

அந்த நேரத்துப் பதற்றத்தில் சொல்லிவிட்டாய், தனியாக வந்து சிரித்துச் சமாளிப்பாய் என்று காத்திருந்தேன். வந்தாய். "நாளைக்கி ஒருநாள் பல்லக் கடிச்சுக்கடி. பட்டியல்ல எடமில்லாமப் போச்சு. அடுத்த கொழந்தைக்கு நீதான்" என்றாய். அடுத்த குழந்தை! இந்தக் குழந்தைக்கு நான் தைத்துக்கொண்ட உடுப்பு பையிலிருந்து வெளியே வரவே இல்லை. நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனீர்கள். நான் பானையைச் சூடேற்றினேன்.

விருந்தில் அந்த மேலாளர் மனைவி தட்டோடு அடுப்படிக்கே வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "மூணாந்தடவ சோறு போட்டுக்கிட்டேன். பாவாட கொக்கி தெறிச்சா இந்த வீடுதான் பொறுப்பு. யாரு வெச்சது இத?"

"எங்க மருமக ஊர்க் கைப்பக்குவங்க" என்றார் உன் மாமியார். காமாலை வந்த பன்றி ஒரே நாளில் குடும்பப் பெருமை ஆகிவிட்டது.

"இந்தப் பொண்ணு யாரு?"

"ஒத்தாசைக்கு வந்தவ" என்றாய் நீ. இந்த முறை உன்னை யாரும் பதற வைக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்துர்றியா பொண்ணு? ஞாயித்துக்கெழம லீவு தரேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அதில் உன் சிரிப்பை எனக்குத் தனியாகத் தெரியும்.

வீடு வந்ததும் அப்பா கேட்டார்: "சாமியாருக்குப் பதிலெல்லாம் சரியாச் சொன்னியா?" சொன்னேன் என்றேன். "சத்தமாச் சொன்னியா?" சத்தமாகச் சொன்னேன் என்றேன்.

நான் ரீனாவின் சித்தி. அந்த வீட்டில், எல்லோர் முன்னாலும், ஒரே ஒருமுறை உன் வாயால் அதைச் சொல். பட்டியலில் இடம் வேண்டாம். அதுவரை அந்த வீட்டு அடுப்பை நான் தொட மாட்டேன்.

எடித்தா


பாசிக்
9 செப்டம்பர் 1991

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்து வாசித்தேன். வேறு எங்கே வாசிப்பது? இவ்வளவு கடுமையாக எழுத நீ எப்போது கற்றாய்?

நீங்கள் யாரும் இல்லாமல் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். படகு வைத்திருக்கிறார் என்றேன். அவர்கள் அதைப் படகுகள் என்று எடுத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. தங்கை கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கிறாள் என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். நீ வந்ததும் பக்குவமாக உண்மையைச் சொல்லிவிட நினைத்திருந்தேன், சத்தியமாக. நீ போய் அத்தையின் கையைப் பிடித்தாய். தங்கை என்று சொல்லியிருந்தால், எந்தப் பள்ளி, என்ன வகுப்பு என்று உன்னைத்தான் துளைத்திருப்பார்கள். நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன்.

ரெனாட்டோவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அக்டோபர் 6ஆம் தேதி விருந்து. "அந்தப் பொண்ணையே கூப்புடு" என்று அத்தையே சொல்கிறார். நான் இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டும் புளித்துத்தான் போயின. இந்த ஒரு முறை வந்துவிட்டுப் போ. பிறகு நல்ல நேரம் பார்த்து மெல்லச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஆத்மாவுக்காக வா, டித்தா.

லொய்டா


லெமெரி
17 செப்டம்பர் 1991

அக்கா,

அம்மாவை இதற்குள் இழுக்காதே.

எந்தப் பள்ளி என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. "அம்மாவுக்கு முடியல, நின்னுட்டேன்." அவ்வளவுதான். அந்த வருடம் நீ கல்லூரிக் கடைசித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. நம் இருவரில் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். நான் இருந்தேன். அதில் நான் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உனக்கு வெட்கமாக இருந்தால் அதற்கு என் பெயரை வைக்காதே. என்னைக் காப்பாற்றினேன் என்று இனி எழுதாதே.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாமியாருக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். "எத்தன படகு வெச்சிருக்கேனாம்?" என்று கேட்டார். "கப்பலாவறதுக்குள்ள கேட்டுச் சொல்றேன்ப்பா" என்றேன். சிரித்தார். அப்புறம் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

6ஆம் தேதி நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. நாலு நாள் யோசித்துத்தான் சொல்கிறேன். நல்ல நேரம் என்று எழுதியிருக்கிறாய். அந்த மேலாளர் மனைவி தட்டோடு வந்து நின்றதைவிட நல்ல நேரம் உனக்கு எங்கிருந்து வரும்?

நேற்று உன் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பயப்படாதே, திட்டி எழுதவில்லை. பெரியவர் கையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆனால் கிண்டியது தவறுதான் என்றும் எழுதியிருக்கிறேன். என் அடோபோவைச் சாப்பிட ஆசை இருந்தால் லெமெரிக்கு வாருங்கள், எங்களுக்கு இருப்பது ஒரே படகு, மழை ஒழுகாத ஒரு வீடு, வருகிறவர்களை முன்வாசல் வழியாகத்தான் அழைப்போம் என்று எழுதினேன். கீழே எடித்தா மக்காராயிக், லொய்டாவின் தங்கை, ரீனாவின் சித்தி என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். வாசிக்க முடியும்.

இதையும் இன்றே போடுவதால் இதுவும் அதுவும் ஒரே நாளில் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அவர் உறையைப் பிரிப்பதற்குள் நீயாகவே சொல்லிவிட்டால், நான் சொன்னது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று எனக்கும் தோன்றியது. மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். இன்று காலை தபால் நிலையம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கதவு திறந்ததும் முதல் ஆளாக உன் மாமியாருக்கான உறையைக் கொடுத்து, அந்த அம்மாள் முத்திரை குத்தும்வரை நின்று பார்த்தேன்.

உன் தங்கை,
எடித்தா