தொழில் என்ற கட்டம்

12 ஆகஸ்ட் 1981, புதன்

எங்கள் டிரம்மர் அந்துவான் இன்று ஒத்திகைக்குக் குச்சிகள் இல்லாமல் வந்தான். கையில் பிரெஞ்சு ராணுவத்தில் சேருவதற்கான படிவம்.

“உன் எழுத்துதான் அழகா இருக்கும். நீயே எழுதிக் குடுத்துடு மச்சான்.”

அவன் அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போன காலத்தில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்; அதனால் இவனும் பிரெஞ்சுக் குடிமகன். என் அப்பா கையெழுத்துப் போடாமல், மில் வேலை போதும் என்று இருந்துவிட்டார்.

பெயர், பிறந்த தேதி, உப்பளம் பேட்டை முகவரி எல்லாம் எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் இசைக்கலைஞன் என்று எழுதப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத எழுதாதடா. கூத்தாடின்னு நெனச்சுடுவானுங்க. வேலை இல்லன்னு போடு.”

சொந்தப் பாட்டைத் தவிர வேறெதுவும் வாசிக்க மாட்டோம் என்று எத்தனை கல்யாணக் கச்சேரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஒன்பது வருஷம். அடுத்த மாதம் மெட்ராஸில் முதல் ரெக்கார்டிங். ‘சான் ப்ரொஃபெஸியோன்’ என்று எழுதினேன். தொழில் ஏதும் இல்லை. மை காய அவன் வாயால் ஊதினான்.

அவன் இல்லாமல் குழு கிடையாது. ஆனால் அதுகூட இல்லை என்னைப் படுத்துவது. எனக்கும் அப்படி ஒரு படிவம் கிடைத்திருந்தால், அந்தக் கட்டத்தில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். யாரும் சொல்லாமலே.