இரண்டு இன்ச், மூன்று நூல்

செவ்வாய் நிலையம், நாள் 212. காலை 6.10

அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. வெளியே மைனஸ் 61. மற்ற மூவரும் பூமிக்குக் கிளம்பி எண்பது நாள். அடுத்த கப்பல் வரும்வரை நான் மட்டும். நேற்று என் குரலையே நான் கேட்கவில்லை.

பகல் 11.35

சுவருக்குப் பின்னால் ஆக்சிஜன் பைப்பில் விரிசல். வால்வை மூடிவிட்டேன். அறையில் இருக்கும் காற்று ஒன்பது மணி நேரம் வரும். அதற்குள் விரிசலின்மேல் ஒரு வளையத்தை மாட்டி வால்வைத் திறக்க வேண்டும்.

பைப்பைச் செய்தவர் கோவைப் பட்டறை ஃபிட்டர் ஆறுச்சாமி. அவர் தாளில் வெளிவிட்டம் 2.3 இன்ச். 25.4 ஆல் பெருக்கினேன்: 58.42 மி.மீ. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரே ஒரு வளையத்துக்குத்தான் உலோகப் பொடி. ஓட்டிவிட்டேன். அளவு சரிதானா என்று பூமிக்கும் கேட்டிருக்கிறேன். பதில் வர நாற்பது நிமிடமாவது ஆகும்.

பகல் 12.50

சுவரைப் பிரித்தேன். வளையம் நுழையவில்லை. ஆறுச்சாமியின் பதில்:

"ஏனுங்க தமயந்தி மேடம், அது ரெண்டு இன்ச்சு மூணு நூலுங்க. எட்டு நூலு ஒரு இன்ச்சு. எங்க பட்டறைல புள்ளி வெச்சுத்தான் எழுதுவோம். அத டெசிமல்னு எடுத்துப்போட்டீங்களா? அய்யோ, ஓட்டீராதீங்க!"

60.33 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் குறைத்துவிட்டேன். பொடி தீர்ந்துவிட்டது. முதலில் சுவரைப் பிரித்து அளந்திருக்கலாம். எழுதியிருப்பதை நம்புவது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். மனிதர்களிடமும் அப்படித்தான் இருந்தேன்.

மாலை 4.20

வளையத்தின் உட்புறத்தை அரத்தால் ராவுகிறேன். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும். வளையத்தின் கனமே மூன்றுதான். தலை வலிக்கிறது.

மாலை 6.45

நுழைந்துவிட்டது. ஒரு பக்கம் அதிகமாக ராவிவிட்டேன். அங்கே கனம் 1.6. இப்போதுதான் ஆறுச்சாமியின் அடுத்த செய்தி வந்தது:

"மேடம், ரெண்டு எம்எம்முக்குக் கீழ போனா தாங்காதுங்க. பாத்து ராவுங்க. என்னமாச்சும் சொல்லீட்டே இருங்க. நான் இன்னும் ஊட்டுக்குப் போகலீங்க."

அவரிடம் 1.6 என்று சொல்லவில்லை. மாட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இரவு 7.30

வால்வைத் திறந்தேன். ஆக்சிஜன் வருகிறது. அழுதேன்.

7.52

வளையத்தில் முடிபோல ஒரு கோடு. மெலிந்த பக்கம். இடது கையால் அழுத்திப் பிடித்தால் சீறல் நிற்கிறது. வலது கையால் எழுதுகிறேன்.

8.09

கோடு நீள்கிறது. வளையம் பிளந்தால் மொத்த ஆக்சிஜனும் போய்விடும்; வால்வு கைக்கு எட்டாது. யார் வந்தாலும்: வெளிவிட்டம் 60.33. ஆறுச்சாமியைத் திட்டாதீர்கள். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

இரண்டு கையும் வேண்டியிருக்கிற