மில்காரர் வண்டி ஏறவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன், முட்டி மட்டும் அப்பப்ப முறைச்சுக்குது, மத்தபடி ஒரு குறையும் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். வீட்டை வித்துட்டு உன்னோட வந்து இருக்க நான் சம்மதிக்கணும்னு நீ அனுப்பின பத்திரம் வந்து சேர்ந்துச்சு. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி வகுப்புல நடந்ததைச் சொல்லிடறேன், அப்பதான் என் பதில் உனக்குப் புரியும்.

நூலகத்து மூணாவது மாடியில வியாழக்கிழமை சாயங்காலம் எங்களை மாதிரி ரிட்டயர் ஆனவங்க உட்கார்ந்து, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல எழுதின சிறுகதைகளைத் தமிழ்ல படிச்சுப் பேசுறோம்னு சொன்னேன்ல, இந்த வயசுல எதுக்குப்பா படியேறி விழணும்னு நீகூடக் கேட்ட. முப்பத்தி நாலு வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான், அங்க லிப்ட் ஓடல, வாட்ச்மேன் என்னை அதைத் தொடவும் விடல, என்ன பண்றது, ஏறுறேன். அந்தக் காலத்துக் கதையில முக்கால்வாசி காடு, பாதிரியார், பேய்தான். பாவம் பண்ணவன் பார்த்தது பேயையா, அவன் பயத்தையான்னு ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருத்தரும் நானும் போட்ட சண்டையில டீச்சரம்மா ஜன்னலையே சாத்திட்டாங்க. போன மாசம் வந்தது பேய்க்கதை இல்ல. ஆத்தோரம் மாவு மில் வச்சிருக்கிற பெரியவர், சம்சாரம் தவறிப்போய் தனியா இருக்கார், பட்டணத்துலேருந்து மக குதிரை வண்டியோட வந்து கிளம்புப்பாங்கறா, அவர் கையில சாவியோட வாசல்ல நிக்கிறார். எனக்குக் குடுத்த ஜெராக்ஸ்ல கதை அதோட முடிஞ்சுது. அடடா, என்ன முடிவுன்னு புல்லரிச்சுப் போச்சு எனக்கு. வகுப்புல எழுந்து நின்னு, மனுஷன் போகல, சாவியைப் பிடிச்சிருக்கிறதைப் பார்த்தா தெரியலையான்னு அரை மணி நேரம் வாதாடினேன். தபால்காரர் தன்னோட கடைசிப் பக்கத்தை நீட்டினார். ஜெராக்ஸ் எடுத்தப்ப எனக்கு மட்டும் அந்தத் தாள் விட்டுப்போயிருக்கு. அதுல பெரியவர் சாவியை ஆத்துல வீசிட்டு வண்டி ஏறிட்டார்! மூக்கு உடைஞ்சு போச்சு. ஆனாலும் நான் விடல. எழுதினவர் பெரிய ஆளா இருக்கலாம், இந்த ஒரு பக்கம் தப்புன்னு சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்ப சரியான பக்கத்தை நீங்களே எழுதிட்டு வாங்கன்னுட்டாங்க டீச்சரம்மா.

தபால்காரர்கிட்ட அந்தப் பக்கத்தை வாங்கிட்டு வந்து வீட்டுல திரும்பப் படிச்சேன். அந்த மக கெட்டவ இல்லம்மா. வண்டியில அவர் முட்டி மேல தன் சால்வையைப் போர்த்தி விடறா. அதைப் படிச்சு அழுதேன், மறைக்க மாட்டேன், உன்னை நினைச்சுத்தான். நான் தனியா கிடக்கேனேங்கற பயத்துலதான் நீ கூப்பிடறேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா உன் வீட்டு ஹால்ல நான் யாரோட சண்டை போடுவேன், மாப்பிள்ளை நான் எது சொன்னாலும் சரிங்க மாமாம்பார். உங்க அம்மா போனப்புறம் ரெண்டு வருஷம் வாயே திறக்காம கிடந்தவன், இப்ப வகுப்புல பதினொரு பேரை எதிர்த்துப் பேசுறேன். இதை விட்டுட்டு வரணுமா? வரமாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் வரமாட்டேன்.

என் பக்கத்தை எழுதி முடிச்சேன். வீட்டுல வெள்ளைத்தாள் இல்ல, உன் பத்திரத்துல கையெழுத்துப் போடற தாளோட பின்பக்கம் சும்மாத்தான் இருந்துச்சு, அதுல எழுதினேன். பெரியவர் குதிரையை அவிழ்த்துத் தண்ணி காட்டச் சொல்றார், வந்ததுதான் வந்த, ஒரு வாரம் இருந்துட்டுப் போன்னு சாவியை மக கையில குடுக்கிறார். வகுப்புல வாசிச்சேன். தபால்காரர் இதுவும் தப்புங்கறார், அவரை நான் பார்த்துக்கறேன்.

அந்தத் தாளை இதோட அனுப்பறேன். முன்பக்கத்துல கையெழுத்தைத் தேடாத, பின்பக்கம் கதைக்குக் கீழ போட்டிருக்கேன். பேத்தியை வெயில்ல அலைய விடாத. மூணு பேரும் நோய்நொடி இல்லாம, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்து நல்லா இருங்க. வியாழக்கிழமை நாலுலேருந்து ஆறு வரைக்கும் போன் பண்ணாத, எடுக்க மாட்டேன். கவரைப் பார்த்துக் கிழிம்மா, வாசக்கதவோட இன்னொரு சாவி உள்ள இருக்கு.

இப்படிக்கு,
எங்கேயும் போகாத உன் அப்பா